பெயிண்ட் உலர்த்தும் அகச்சிவப்பு அடுப்பில் தொடாமல் வெப்பம் அளப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அகச்சிவப்பு விளக்குகளை வைத்துப் பெயிண்ட், வார்னிஷ், பவுடர் கோட்டிங் உலர்த்தும் இடங்களில் வேலை செய்பவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. சென்சார் வாங்குவதற்கு முன் ஒரு தரம் படிக்கலாம். மாட்டிய பிறகு எண் ஏன் இப்படி வருகிறது என்று குழம்பும்போது இன்னொரு தரம் படிக்கலாம்.

அடுப்புக்குள் ஏற்கனவே தெர்மோகப்பிள் (தன் முனை இருக்கும் இடத்தின் வெப்பத்தை அளக்கும் கம்பி) இருக்கிறது. அது போதாதா?

காற்றைச் சூடாக்கி, அந்தக் காற்றால் பொருளைச் சூடாக்கும் ஓவனில் போதும். அகச்சிவப்பு அடுப்பில் கதை வேறு. இங்கே வெப்பம் விளக்கிலிருந்து நேராகப் பொருளின் மேல் வந்து விழுகிறது. நடுவில் உள்ள காற்றை அது பெரிதாகச் சூடாக்குவதில்லை. தகடு 160 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது பக்கத்துக் காற்று 70 டிகிரியில் இருக்கலாம். அங்கே தொங்கும் தெர்மோகப்பிள் காற்றையும் சரியாகக் காட்டாது, தகட்டையும் காட்டாது. தன் மேல் விழும் கதிரை வாங்கித் தானே சூடாகி, இரண்டுக்கும் சம்பந்தமில்லாத ஓர் எண்ணைக் காட்டும். அந்த எண்ணை நம்பி பவரைக் கூட்டிக் குறைப்பது வீண்வேலை.

ஈரப் பெயிண்டின் மேல் தெர்மோகப்பிளை ஒட்ட முடியாது. ஓடும் கன்வேயரில் ஒவ்வொரு பொருளுக்கும் கம்பி இழுக்கவும் முடியாது. தூரத்திலிருந்து பார்த்துச் சொல்லும் சென்சார்தான் மிச்சமிருக்கும் வழி.

விளக்கின் பவரையும் நேரத்தையும் ஒருமுறை சரியாகக் கண்டுபிடித்து வைத்துவிட்டால் சென்சாரே வேண்டாமே?

ஒரே நிறம், ஒரே தடிமன், ஒரே வேகம், ஏற்ற இறக்கம் இல்லாத மின்சாரம் என்று எல்லாம் அமைந்தால் வேண்டாம்தான். அப்படி அமைவது அபூர்வம்.

முதலில் நிறம். குற்றலை (குறுகிய அலைநீள) விளக்கில் டங்ஸ்டன் ஃபிலமென்ட் சுமார் 2,200 டிகிரியில் எரிகிறது. அதன் ஆற்றல் 1.2 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளத்தை ஒட்டி உச்சத்தில் இருக்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு இது பக்கத்து வீடு. அதனால் வெள்ளைப் பெயிண்ட் இங்கேயும் நிறையத் திருப்பி அனுப்பிவிடும், கறுப்பு வாங்கிக்கொள்ளும். ஒரே பவர், ஒரே 90 விநாடி கொடுத்தால் கறுப்புத் தகடு கருகும் நிலைக்குப் போயிருக்கும், வெள்ளைத் தகடு இன்னும் வேகாமல் இருக்கும்.

அடுத்து தடிமன். 2 மில்லிமீட்டர் தகட்டை ஏற்ற வேண்டிய அளவுக்கு 6 மில்லிமீட்டர் தகட்டை ஏற்ற மூன்று மடங்கு வெப்பம் வேண்டும். மின்னழுத்தமும் சும்மா இருக்காது. அது 10 சதவீதம் இறங்கினால் சாதாரண மின்தடை ஹீட்டரின் பவர் 19 சதவீதம் இறங்கும். போதாக்குறைக்கு ரிஃப்ளெக்டரில் தூசியும் பெயிண்ட் புகையும் படிந்து, மாதக்கணக்கில் மெதுவாக வெப்பம் குறைந்துகொண்டே வரும். இதை யாரும் கவனிப்பதில்லை, பெயிண்ட் உரியும் வரை.

பெயிண்டுக்கு விளக்கின் பவர் எவ்வளவு என்று தெரியாது. தான் எத்தனை டிகிரியில் எவ்வளவு நேரம் இருந்தேன் என்பதுதான் அதற்குக் கணக்கு. அளக்க வேண்டியதும் அதைத்தான்.

சந்தையில் பல அலைநீளங்களில் சென்சார் இருக்கிறது. எதை எடுப்பது?

பெயிண்ட் வேலையில் பெரும்பாலும் 8 முதல் 14 மைக்ரான் வரை பார்க்கும் சென்சார். 1 அல்லது 2 மைக்ரானில் பார்க்கும் சென்சார்கள் உருகிய இரும்பு போன்ற சூட்டுக்கானவை. அவற்றை இங்கே கொண்டுவந்தால் தகட்டை விட்டுவிட்டு விளக்கின் பிரதிபலிப்பைத்தான் அளக்கும்.

150 டிகிரியில் உள்ள பொருள் வெளியிடும் கதிர்வீச்சின் உச்சம் கிட்டத்தட்ட 7 மைக்ரானில் வருகிறது. 60 டிகிரியில் உள்ளதற்கு சுமார் 8.7 மைக்ரான். ஆக, நமக்கு வேண்டிய சமிக்ஞை அந்தப் பக்கம்தான் தாராளமாகக் கிடைக்கும். 8 முதல் 14 வரை காற்றும் பெரிதாகக் குறுக்கிடாது. இன்னொரு நல்ல விஷயமும் உண்டு: விளக்கின் குவார்ட்ஸ் குழாய் 4 மைக்ரானைத் தாண்டினால் கதிரை விடுவதில்லை. உள்ளே எரியும் ஃபிலமென்டின் நீண்ட அலைக் கதிர்கள் குழாயிலேயே தடைபட்டுவிடும், சென்சாரின் கண்ணுக்கு வராது. ஆனால் குழாயே பல நூறு டிகிரிக்குச் சூடாகித் தன் கணக்கில் நீண்ட அலையில் கதிர்வீசும். அந்தத் தொல்லையைப் பற்றிக் கீழே பார்க்கலாம்.

கறுப்புக்கு ஒரு அளவு, வெள்ளைக்கு ஒரு அளவு என்று சென்சாரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டுமா?

வேண்டாம். பலரும் குழம்பும் இடம் இது. சூடாக்கும்போது நிறம் முக்கியம், அளக்கும்போது இல்லை. 8 முதல் 14 மைக்ரான் வரை பார்த்தால் வெள்ளைப் பெயிண்டும் கறுப்புப் பெயிண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்; இரண்டின் எமிசிவிட்டியும் (அதே வெப்பத்தில் முழுக் கரும்பொருள் வெளியிடும் கதிரில் எத்தனை பங்கை வெளியிடுகிறது என்ற எண்) 0.9 முதல் 0.95 வரை இருக்கும். அங்கே கதிர்வீசுவது பெயிண்டில் உள்ள ரெசின் (பூச்சைப் பிடித்துவைக்கும் பிசின்). நிறமிக்கு அதில் பெரிய பங்கு இல்லை.

விதிவிலக்கு, அலுமினியத் துகள் கலந்த வெள்ளிநிறப் பெயிண்டுகள். அவற்றின் எமிசிவிட்டி வெகுவாகக் கீழே இறங்கலாம், அதுவும் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். அவற்றுக்குப் புத்தக அட்டவணையைப் பார்க்காமல் அளந்தே கண்டுபிடியுங்கள்.

எமிசிவிட்டியை எவ்வளவு வைக்க வேண்டும்? தப்பாக வைத்தால் என்ன ஆகும்?

சாதாரணப் பெயிண்டுக்கு 0.95இல் தொடங்குங்கள். உண்மையில் 0.90 ஆக இருந்தால், சுற்றுப்புறம் அறை வெப்பத்தில் இருக்கும்போது, 150 டிகிரித் தகட்டைச் சென்சார் ஏறத்தாழ 5 டிகிரி குறைவாகக் காட்டும். பல வேலைகளுக்கு இது தாங்கக்கூடிய பிழை.

பெரிய பிழை வருவது வெற்று உலோகத்தில். மெருகேற்றிய அலுமினியம் 0.1க்கும் கீழே போகும். தகட்டில் பெயிண்ட் படாத ஓரம், ஹேங்கர் கொக்கி, திருகு ஓட்டை இவற்றில் ஒன்று சென்சாரின் பார்வையில் வந்தாலும் எண் பொய்யாகிவிடும். மெல்லிய தெளிவான வார்னிஷை நேராக உலோகத்தின் மேல் பூசினாலும் இதே சிக்கல்: சென்சார் பாதி வார்னிஷையும் பாதி அடியில் உள்ள உலோகத்தையும் பார்க்கும். பூச்சின் தடிமன் மாற மாற எண்ணும் மாறும். அங்கே நிலையான எமிசிவிட்டி என்று ஒன்று கிடையாது.

விளக்கின் கதிரே தகட்டில் பட்டுத் திரும்பி வந்து சென்சாரை ஏமாற்றாதா?

ஏமாற்றும். அகச்சிவப்பு அடுப்பில் வரும் தவறான அளவுகளுக்கு என் கணக்கில் முதல் காரணம் இதுதான். எமிசிவிட்டியைத் திருத்தித் திருத்திச் சலித்துப்போவார்கள், பழி அதன் மேல் இருக்காது.

எமிசிவிட்டி 0.95 என்றால் மீதி 0.05 பங்கு பிரதிபலிப்பு. கேட்கச் சிறியதாகத்தான் இருக்கிறது. ஆனால் தகடு 150 டிகிரி, அதைச் சுற்றிலும் 300 டிகிரியில் பீங்கான் ஹீட்டர்கள் என்று வையுங்கள். அந்த 5 சதவீதப் பிரதிபலிப்பு மட்டுமே சென்சாரைச் சுமார் 165 என்று காட்ட வைக்கும். கன்ட்ரோலர் என்ன செய்யும்? தகடு சூடாகிவிட்டது என்று நினைத்துப் பவரைக் குறைக்கும். பெயிண்ட் வேகாமல் வெளியே வரும். திரையில் எல்லாம் பச்சையாக இருக்கும்.

இதற்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. அடுப்பு அணைந்து ஆறியிருக்கும்போது பளபளப்பான தகடு ஒன்றைத் தொங்கவிட்டு, சென்சார் இருக்கும் இடத்தில் உங்கள் கண்ணை வைத்துப் பாருங்கள். தகட்டில் ஏதாவது ஒரு விளக்கின் பிம்பம் தெரிந்தால் சென்சாருக்கும் அது தெரியும். பிம்பம் மறையும் வரை சென்சாரின் இடத்தையோ கோணத்தையோ மாற்றுங்கள். ஈரப் பெயிண்டும் வெந்த பவுடரும் பளபளப்பானவை என்பதால் இந்தச் சோதனை நன்றாகவே பலிக்கும்.

தட்டையான தகட்டுக்கு நேர் எதிரே, விளக்குகளுக்கு இடையில் உள்ள இடைவெளியில் சென்சாரை வைத்தால் அதற்குத் தெரியும் பிம்பம் தன்னுடையதாகவே இருக்கும். கார் பேனல் உலர்த்தும் நகரும் விளக்குகளில் சென்சாரை நடுவில் வைப்பதில் இந்த வசதி இருக்கிறது. கன்வேயர் அடுப்பில் இன்னும் நல்ல இடம், ஒரு மண்டலம் முடிந்து அடுத்தது தொடங்கும் முன் உள்ள ஹீட்டர் இல்லாத இடைவெளி.

அப்படி இடம் கிடைக்காவிட்டால் வேறு வழிகளும் உண்டு. குளிர்வித்த குழாய் ஒன்றைச் சென்சாரின் முன்னால் மாட்டிப் பொருளுக்கு அருகே வரை நீட்டலாம். பின்னணி வெப்பத்தைத் தனியாக அளந்து, சென்சாரின் பின்னணித் திருத்தத்தில் கொடுக்கலாம். ஹீட்டர்கள் ஒரே சீரான சூட்டில் இருந்தால் இது நன்றாக வேலை செய்யும். விளக்கை ஒரு கணம் அணைத்து அளப்பதும் சிலர் செய்வது. ஃபிலமென்ட் ஓரிரு விநாடியில் அடங்கினாலும் சூடான குழாயும் ரிஃப்ளெக்டரும் அவ்வளவு சீக்கிரம் ஆறாது என்பதை மறக்கக் கூடாது.

எவ்வளவு தூரத்தில், எந்தக் கோணத்தில் மாட்டுவது?

சென்சாரின் மேல் 20:1, 10:1 என்று ஒரு விகிதம் போட்டிருக்கும். 20:1 என்றால் 1 மீட்டர் தூரத்தில் 50 மில்லிமீட்டர் அகல வட்டத்தைப் பார்க்கிறது என்று பொருள். அந்த வட்டத்துக்கு வெளியிலிருந்தும் கொஞ்சம் கதிர் உள்ளே வரும். ஆகையால் பொருள் அந்த வட்டத்தைப்போல ஒன்றரை மடங்காவது, முடிந்தால் இரண்டு மடங்கு அகலமாக இருக்க வேண்டும். மெல்லிய கம்பி, சன்னல் சட்டம் போன்றவற்றுக்கு 10:1 சென்சாரை வாங்கிவிட்டுக் கஷ்டப்படாதீர்கள்.

கோணம், செங்குத்திலிருந்து 45 டிகிரி சாய்வு வரை பிரச்சினையில்லை. 60ஐத் தாண்டினால் எமிசிவிட்டி குறைந்து பிரதிபலிப்பு கூடும்.

லேசர் புள்ளி படும் இடத்தைத்தானே அது அளக்கிறது?

லேசர் வெறும் குறி காட்டி. அளப்பது அதைச் சுற்றியுள்ள பெரிய வட்டத்தை. சில கருவிகளில் லேசர் லென்ஸுக்குப் பக்கவாட்டில் இருக்கும். கிட்டத்தில் வைத்தால் புள்ளி ஓரிடத்தில், அளவு வேறிடத்தில்.

கன்வேயரில் ஒரு பொருளுக்கும் அடுத்த பொருளுக்கும் நடுவே இடைவெளி வருகிறது. அப்போது என்ன ஆகும்?

சென்சார் எதிர்ச்சுவரைப் பார்க்கும். சுவர் குளிர்ந்திருந்தால் எண் சடாரென்று விழும், கன்ட்ரோலர் முழுப் பவரையும் திறந்துவிடும். அடுத்து வரும் பொருள் அந்த முழுப் பவருக்குள் நுழையும். முதல் பொருள் நன்றாக, இரண்டாவது பொருள் முன்புற ஓரம் மட்டும் பழுப்பாக என்று புகார் வந்தால் இங்கேதான் தேட வேண்டும். எதிரே இருப்பது சூடான ஹீட்டர் என்றால் தலைகீழாக நடக்கும்.

சரி, எப்படித் தவிர்ப்பது? ஒளிமின் கண் ஒன்றை வைத்து, பொருள் முன்னால் இருக்கும்போது மட்டும் அளவை ஏற்றுக்கொள்ளச் செய்யலாம். பொருள் இல்லாத நேரத்தில் பவர் கடைசியாக இருந்த நிலையிலேயே நிற்க வேண்டும். பொருளைவிடப் பின்னணி எப்போதும் குளிராக இருக்கும் என்று உறுதியாகத் தெரிந்தால் சென்சாரில் உள்ள உச்ச அளவைப் பிடித்துவைக்கும் வசதியே போதும். வளைவு நெளிவான பொருள், ஓட்டை நிறைந்த பொருள் இவற்றுக்கும் அது உதவும். பிடித்துவைக்கும் நேரத்தை இடைவெளி கடக்கும் நேரத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக வைக்க வேண்டும். மிக அதிகமாக வைத்தால் உண்மையிலேயே வெப்பம் இறங்கும்போதும் தெரியாமல் போகும்.

சென்சாரைக் கன்ட்ரோலரோடு இணைத்தால் பி.ஐ.டி. (அளவைப் பார்த்துப் பவரைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் முறை) தானே பார்த்துக்கொள்ளாதா?

ஹீட்டரின் வேகத்தைப் பொறுத்தது. சென்சார் 0.1 அல்லது 0.2 விநாடியில் பதில் சொல்லிவிடும், அதில் தாமதமில்லை. குற்றலை விளக்கு ஓரிரு விநாடியில் ஏறி இறங்கும், நேரடியாக இணைக்கலாம். நடு அலைக் குழாய்களுக்கு அரை நிமிடம், அதற்கு மேலும் ஆகும். பீங்கான் ஹீட்டருக்குப் பல நிமிடம். பீங்கான் ஹீட்டரைப் பொருளின் வெப்பத்தோடு நேராகக் கட்டினால், ஹீட்டர் திருந்துவதற்குள் பொருள் அடுப்பை விட்டே போயிருக்கும், அளவு மேலும் கீழும் ஊசலாடும். அங்கே இரண்டு அடுக்குக் கட்டுப்பாடு நல்லது: ஹீட்டருக்குள் இருக்கும் தெர்மோகப்பிள் ஹீட்டரின் சூட்டைப் பிடித்து நிறுத்தட்டும், சென்சார் அந்த இலக்கை மட்டும் மெதுவாக மேலும் கீழும் நகர்த்தட்டும்.

இன்னொரு தாமதம் தூரத்தால் வருவது. சென்சார் அடுப்பின் வெளிவாசலில் இருந்தால், அது சொல்லும் திருத்தம் ஏற்கனவே வெளியேறிய பொருளுக்கு உதவாது. முதல் மண்டலத்தை வேகமாக ஏற்றுவதற்கு விட்டு, அதன் முடிவில் அளந்து, இரண்டாவது மண்டலத்தை அந்த அளவால் கட்டுப்படுத்துவது நடைமுறையில் நன்றாக வருகிறது.

பவர் பக்கம்: டங்ஸ்டன் ஃபிலமென்ட் குளிர்ந்திருக்கும்போது அதன் மின்தடை மிகக் குறைவு, போட்டவுடன் பல மடங்கு மின்னோட்டம் பாயும். மெதுவாகத் திறக்கும் தைரிஸ்டர் (பவரைச் சீராகக் கூட்டிக் குறைக்கும் மின்னணு சுவிட்ச்) கட்டுப்பாடு வேண்டும். பீங்கானுக்கு சாலிட் ஸ்டேட் ரிலே (போட்டு அணைக்கும் மின்னணு சுவிட்ச்) போதும். டங்ஸ்டன் விளக்கில் பவரைப் பாதியாக்கினால் அதன் நிறமாலையும் நகரும். 2,500 கெல்வினில் (சுமார் 2,200 டிகிரி செல்சியஸ்) இருந்த ஃபிலமென்ட் சுமார் 2,100 கெல்வினுக்கு இறங்கும், உச்சம் 1.16 மைக்ரானிலிருந்து 1.38க்குப் போகும். பவரைக் குறைக்கும்போது பெயிண்ட் உறிஞ்சும் பங்கும் கொஞ்சம் மாறுகிறது என்று பொருள். சென்சார் கட்டுப்பாட்டுச் சங்கிலிக்குள் இருந்தால் இந்தக் கணக்கையெல்லாம் நீங்கள் போட வேண்டாம்.

எத்தனை டிகிரி வைக்க வேண்டும்?

பெயிண்ட் தயாரிப்பாளரின் தகவல் தாளில் உள்ளதை. பல பவுடர்களுக்கு அது 180 முதல் 200 டிகிரி, 10 நிமிடம் என்ற அளவில் இருக்கும். அந்த 10 நிமிடம், பொருள் அந்த வெப்பத்தை அடைந்த பிறகு எண்ண வேண்டியது. அடுப்புக்குள் நுழைந்ததிலிருந்து எண்ணக் கூடாது.

இறுதி வெப்பத்தைவிட ஏறும் வேகம்தான் ஈரப் பெயிண்டில் அதிக வம்பு செய்யும். சட்டென்று ஏற்றினால் மேல்தோல் முதலில் காய்ந்து மூடிக்கொள்ளும், உள்ளே மாட்டிய கரைப்பான் கொதித்து வெளியேறும்போது ஊசி முனை அளவு ஓட்டைகள் விழும். நீர் சார்ந்த பெயிண்டில், தண்ணீர் போகும் வரை 100 டிகிரிக்கு நன்றாகக் கீழேயே வைத்திருக்க வேண்டும். சென்சாரின் வரைபடமே இங்கே வழிகாட்டும். ஆவியாதல் நடக்கும்போது வெப்பம் மெதுவாக ஏறும், ஏனென்றால் வரும் வெப்பத்தை ஆவி எடுத்துக்கொண்டு போகிறது. கரைப்பான் தீர்ந்ததும் கோடு சட்டென்று நிமிரும். அந்தத் திருப்பத்தைப் பார்த்து அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

அடியில் இருக்கும் பொருளுக்கும் ஒரு வரம்பு உண்டு. ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் 100 டிகிரியை நெருங்கும்போதே வளையத் தொடங்கும்.

சென்சார் மேற்பரப்பை மட்டும்தானே பார்க்கிறது? உள்ளே வெந்திருக்குமா?

மெல்லிய தகட்டில் கவலை வேண்டாம். கனமான வார்ப்பில் கவலைப்பட வேண்டும். மேற்பரப்பு 180ஐத் தொட்டபோதும் உள்ளுடல் அதைவிடப் பின்தங்கியிருக்கலாம். விளக்கை அணைத்ததும் வார்ப்பு மேற்பரப்பின் சூட்டை உறிஞ்சி எண்ணைக் கீழே இழுக்கும். அணைத்த பிறகு எண் எவ்வளவு வேகமாக விழுகிறது என்று பார்த்தாலே உள்ளே எவ்வளவு குளிராக இருக்கிறது என்பது பிடிபடும்.

ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்க்கலாமா?

சாதாரணக் கண்ணாடி 8 முதல் 14 மைக்ரான் வரையிலான கதிரை விடாது. சென்சார் கண்ணாடியின் வெப்பத்தைத்தான் சொல்லும். ஜெர்மானியம் அல்லது துத்தநாக செலினைடு ஜன்னல் வேண்டும், அது விழுங்கும் பங்கையும் சென்சாரில் திருத்த வேண்டும். ஜெர்மானியம் வழியே கண்ணால் பார்க்க முடியாது. குறிவைப்பதை ஜன்னல் மாட்டும் முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

லென்ஸை எத்தனை நாளுக்கு ஒருமுறை துடைப்பது?

அழுக்கைப் பொறுத்தது. ஒரு வாரம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். லென்ஸைச் சுற்றிக் காற்று ஊதும் வளையம் மாட்டினால் துடைக்கும் வேலை வெகுவாகக் குறையும். ஆனால் எண்ணெயும் ஈரமும் கலந்த காற்றை ஊதினால் அந்த வளையமே லென்ஸில் அழுக்கைப் பூசிவிடும். வடிகட்டிய காற்றுதான் கொடுக்க வேண்டும். அதே காற்று சென்சாரின் உடலையும் கொஞ்சம் குளிர்விக்கும். எலெக்ட்ரானிக்ஸ் உள்ளேயே இருக்கும் சென்சார்கள் பல, தங்கள் உடல் 85 டிகிரிக்கு மேல் சூடாவதைத் தாங்காது. அதற்கு மேல் போகும் இடத்தில் தண்ணீர் உறை வேண்டும்.

சென்சார் காட்டுவது சரிதானா என்று எப்படிச் சோதிப்பது?

அதே பெயிண்ட் பூசிய தகட்டின் பின்புறம், விளக்கு படாத பக்கத்தில், மெல்லிய தெர்மோகப்பிளை இறுக்கமாகப் பொருத்தி, தகட்டைச் சூடேற்றி நிலையாக நிற்கவிட்டு இரண்டு எண்களையும் ஒப்பிடுங்கள். முன்புறத்தில் வெறுமனே டேப் போட்டு ஒட்டினால் தெர்மோகப்பிள் விளக்கின் கதிரை நேராக வாங்கி அதிகமாகக் காட்டும். அப்புறம் ஒன்றும் தவறில்லாத சென்சாரை உட்கார்ந்து திருத்திக்கொண்டிருப்பீர்கள்.

முதலில் விளக்கை அணைத்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் எமிசிவிட்டியைத் திருத்தி எண்ணைப் பொருத்துங்கள். பிறகு விளக்கு எரியும்போது ஒப்பிடுங்கள். அணைந்திருக்கும்போது பொருந்தி, எரியும்போது விலகினால் அது பிரதிபலிப்பு. எமிசிவிட்டியைத் தொடாதீர்கள், சென்சாரின் இடத்தை மாற்றுங்கள்.

கையில் பிடிக்கும் துப்பாக்கி வடிவக் கருவி போதுமா?

அவ்வப்போது சரிபார்க்கப் போதும். ஒவ்வொரு தடவையும் வேறு தூரம், வேறு கோணம் என்பதால் கட்டுப்பாட்டுக்கு ஆகாது.

பாதுகாப்புக்கும் இதே சென்சாரை நம்பலாமா?

கூடாது. லென்ஸில் அழுக்குப் படிந்தால், சென்சார் திசை மாறிவிட்டால், முன்னால் ஏதாவது மறைத்துக்கொண்டால் பெரும்பாலும் எண் குறைவாகத்தான் வரும். கன்ட்ரோலர் இன்னும் இன்னும் பவரைக் கூட்டும். அதாவது இந்தக் கருவி பெரும்பாலும் ஆபத்தான பக்கமாகவே பழுதாகிறது. அதனால் அதிக வெப்பத்தைப் பார்த்து அணைக்கத் தனி சென்சார், தனி கம்பி, தனி ரிலே வேண்டும். எண் வழக்கமான எல்லைக்குக் கீழே நீண்ட நேரம் நின்றால் அலாரம் அடிக்கவும் ஏற்பாடு வேண்டும்.

கரைப்பான் உள்ள பெயிண்டில் ஆவி சேர்ந்து தீப்பிடிக்கும் ஆபத்து இருக்கிறது. தொழிலக அடுப்புகளுக்கான என்.எஃப்.பி.ஏ. (அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கம்) 86 தரநிலை, எரியத் தொடங்கும் குறைந்தபட்ச அடர்த்தியின் 25 சதவீதத்துக்குள் ஆவியை வைத்திருக்கக் காற்றோட்டம் வேண்டும் என்பதை அடிப்படையாகக் கொண்டது. காற்றோட்டம் ஓடுகிறது என்று உறுதியானால் மட்டுமே விளக்கு எரியும்படி இணைப்புக் கொடுங்கள். அப்படிப்பட்ட இடத்தில் மாட்டும் சென்சாரும் அங்கே பயன்படுத்தச் சான்று பெற்றதாக இருக்க வேண்டும்.

கன்வேயர் நின்றால் விளக்கு உடனே அணைய வேண்டும், சென்சார் என்ன எண் காட்டினாலும். குற்றலை விளக்கில் இது எளிது. பீங்கான் ஹீட்டர் மின்சாரம் போன பிறகும் பல நிமிடம் கதிர்வீசிக்கொண்டிருக்கும் என்பதால், ஹீட்டர் வரிசையைப் பின்னால் இழுக்கவோ நடுவில் மறைப்புத் தகட்டை இறக்கவோ ஓர் ஏற்பாடு தேவைப்படும்.